கோடை விடுமுறையும் ஆறாவது வேலை நாளும்

மார்ச் மாதக் கடைசியில் விடைத்தாள்களைக் கட்டி வைத்து, பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு வீடு திரும்பும் வாத்தியாரைப் பார்த்து, "உங்களுக்கென்ன சார், இனி இரண்டு மாதம் லீவு!" என்று பெருமூச்சு விடாத குமாஸ்தா கிடையாது. நாலு நாள் விடுப்புக்கு மேலதிகாரியின் மேஜை முன்னால் கைகட்டி நிற்பவர்களுக்கு அந்தப் பொறாமை நியாயமானதே. ஆனால் கேரளத்தின் கிழக்கெல்லையில், பாலக்காடு மாவட்டத்து வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கத்திலும், இடுக்கி மாவட்டத்து மூணாறு, தேவிகுளம், பீருமேடு பக்கத்திலும் உள்ள தமிழ் வழிப் பள்ளிகளில் பணிபுரிவோரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்களுக்கு ஏப்ரலும் மே மாதமும், ஜூனில் தம் வகுப்பு இருக்குமா இராதா என்று முடிவாகும் மாதங்கள்.

கேரளத்தில் பள்ளிகள் ஜூன் முதல் வாரத்தில் திறக்கின்றன. முதல் நாளை 'பிரவேசனோற்சவம்' என்று விழாவாகவே கொண்டாடுகிறார்கள். தோரணம், பலூன், மிட்டாய் என்று வாசலே கல்யாண வீடு போல இருக்கும். ஆசிரியரின் கண் மட்டும் ஆறாவது வேலை நாள் மீது இருக்கும். அன்று பள்ளியில் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் அந்த ஆண்டுக்கு எத்தனை வகுப்பு, எத்தனை ஆசிரியர் என்பது நிர்ணயமாகிறது. தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது விகிதம். ஒரு தலை கூடினால் ஒரு பணியிடம் நிற்கும். ஒரு தலை குறைந்தால் போய்விடும். பிள்ளைகள் மிகவும் குறைந்த பள்ளிக்கு அரசுக் காகிதத்தில் ஒரு பெயர் உண்டு: 'அனாதாயகரம்'. அதாவது ஆதாயம் இல்லாதது. பள்ளிக்கூடத்தைப் பற்றி இப்படி ஒரு சொல்லை எந்த எழுத்தர் முதலில் எழுதினாரோ!

இதில் எல்லைப் பகுதிக்கென்று ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. பரீட்சை முடிந்ததும் தோட்டத்து லயங்களிலிருந்து பிள்ளைகள் தாத்தா பாட்டி ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். தேனி, உத்தமபாளையம், திருநெல்வேலி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு சொந்த ஊர். சித்திரையில் கோயில் கொடை, வைகாசியில் சித்தப்பா வீட்டுக் கல்யாணம் என்று நாள் நீண்டுகொண்டே போகும். தமிழ்நாட்டுப் பள்ளி திறக்கும் தேதியும் கேரளத்துத் தேதியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. "அங்கே இன்னும் திறக்கவில்லையே" என்று பாட்டி ஒரு வாரம் கூடப் பிடித்து வைத்துக்கொள்வாள். பாட்டியின் அந்த ஒரு வாரத்தில் ஆறாவது வேலை நாள் வந்து போய்விடும். கணக்கு கணினிக்கு மாறிய பிறகு ஆதார் எண் இல்லாத பிள்ளையால் வரும் தொல்லை வேறு.

ஆகவே மே கடைசியில் ஊர் ஊராகத் தொலைபேசியில் பேசி, "பிள்ளையை எப்போது ஏற்றி விடுகிறீர்கள் அம்மா?" என்று கேட்பதும் வாத்தியார் வேலையாகிவிட்டது. ரயில் வசதி ஒழுங்காக இருந்திருந்தால் இதில் பாதித் தலைவலி குறைந்திருக்கும். போடிநாயக்கனூர் பாதை அகலப் பாதையாக்குவதற்காக 2010 டிசம்பர் கடைசியில் மூடப்பட்டது. ரயில் திரும்பப் போடிக்கு வந்தது 2023 ஜூனில். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பிளஸ் டூ முடித்து வெளியே வரும் காலம்! பாலக்காடு - பொள்ளாச்சி பாதையும் 2008இல் மூடி 2015இல்தான் திறந்தது.

வீடு வீடாக

மே மாதத்தில் அரசின் பயிற்சி முகாம் சில நாள் நடக்கும். மற்ற நாட்களில் வெயில் தாழ்ந்ததும் ஆசிரியர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். புதிதாக ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்பது அங்கன்வாடிப் பணியாளருக்குத் தெரியும். அவரிடம் பட்டியல் வாங்கிக்கொண்டு, போட்டிக்கு வந்து நிற்கும் ஆங்கிலப் பள்ளி வேனுக்கு முந்திக்கொள்ள வேண்டும்.

அந்த வீடுகளில் கேட்கப்படும் கேள்வி ஒன்றேதான். "தமிழில் படித்தால் இங்கே வேலை கிடைக்குமா சார்? மலையாளம் படித்தால் இங்கே பிழைக்கலாம். இங்கிலீஷ் படித்தால் எங்கேயும் பிழைக்கலாம்."

இந்தக் கேள்வியைத் தமிழ்ப் பற்றில்லாத பேச்சு என்று சிலர் கோபித்துக்கொள்வதுண்டு. அது சரியல்ல. நாள் முழுவதும் கொழுந்து கிள்ளிவிட்டு வந்த தாய், மகள் தன்னைப் போல ஆகக் கூடாது என்று நினைப்பதில் என்ன குற்றம்?

சட்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்று 1956இல் அரசியல் சட்டத்தில் 350 ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதிதான் சென்னை ராஜ்யத்து மலபாரில் இருந்த பாலக்காடும், பழைய கொச்சியைச் சேர்ந்த சித்தூரும், பழைய திருவிதாங்கூரைச் சேர்ந்த தேவிகுளம், பீருமேடும் ஒரே கேரளத்தில் அமைந்தன. 1969இன் ஆட்சிமொழிச் சட்டம் தமிழர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்கிறது. எஸ்.எஸ்.எல்.சி. தேர்வைத் தமிழில் எழுதலாம். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் எம்.ஏ. வரை படிக்கலாம். 2017இன் சட்டம் பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கியது. ஆக, தமிழ் வழியில் சேர்ந்த பிள்ளை மலையாளம் அறியாமல் போய்விடும் என்ற பயத்துக்கு இடமில்லை. ஆனால் படிப்பதும் பேச வருவதும் ஒன்றா? தாயின் கேள்விக்குச் சட்டப் பிரிவு எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாது. வகுப்பறைதான் பதில் சொல்ல வேண்டும்.

சம்பளமில்லாத கோடை

நிரந்தர ஆசிரியருக்காவது கோடையிலும் சம்பளம் வருகிறது. தினக்கூலி அடிப்படையில் நியமனம் பெற்றவர்களுக்கு மார்ச்சோடு கணக்கு முடிந்துவிடும். இரண்டு மாதம் தனிப் பயிற்சி நடத்தியோ, கிடைத்த வேலையைச் செய்தோ ஓட்ட வேண்டும். ஜூனில் மறுபடி நேர்முகம். சென்ற ஆண்டு நட்ட செடிக்கு இந்த ஆண்டு தண்ணீர் ஊற்றுவது தாமா, வேறொருவரா என்பது தெரியாமலேயே போகும் கோடை அது.

இதைவிடக் கசப்பான கோடை ஒன்றும் உண்டு. 1990களின் பிற்பகுதியில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தின் கீழ், காட்டுக்குள்ளும் மலைக் குடிகளிலும் ஓராசிரியர் பள்ளிகள் தொடங்கப்பட்டன. ஒரே ஆசிரியர், நான்கு வகுப்புகள், சில இடங்களில் ஓலைக் கொட்டகை. இடுக்கி, பாலக்காடு மலைகளில் இவை பல இருந்தன. 2022 மே மாத இறுதியோடு அரசு இவற்றை மூடியது. அங்கே ஆண்டுக்கணக்கில் அ, ஆ கற்பித்தவர்களில் பலருக்கு மாற்று வேலையாகக் கிடைத்தது, பள்ளிகளில் பகுதி நேரத் துப்புரவுப் பணி. திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஆறும் காடும் கடந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்த ஆசிரியை ஒருவர், அந்த ஜூனில் நகரத்துப் பள்ளியொன்றில் துடைப்பம் எடுத்த படம் பத்திரிகைகளில் வந்தது. வேலை எதுவானாலும் மதிப்புடையதே என்று அவரே பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டிருக்கலாம். நமக்குத்தான் அந்தப் படத்தைப் பார்க்க மனம் வரவில்லை.

பட்டி, பனி, வெள்ளம்

வரும் ஆண்டில் வகுப்பு எப்படி இருக்க வேண்டும்? ஆசிரியர்கள் இருவர் மூவர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இராது. கணினி வேண்டும், மேற்கூரை ஒழுக்கு நிற்க வேண்டும், தமிழ்ப் பாடப் புத்தகம் பள்ளி திறக்கும் நாளிலேயே கையில் இருக்க வேண்டும் என்பவை எல்லாரும் சொல்வது. அதற்கு மேலே போனால் பேச்சு மொழியில் வந்து நிற்கும்.

ஆண்டிபட்டியைச் சொந்த ஊராகக் கொண்ட பிள்ளை, ஊர்ப் பெயரைச் சொன்னதும் பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மலையாளத்தில் 'பட்டி' என்றால் நாய். மூணாற்றுப் பிள்ளை "காலையில் ஒரே பனி" என்றால், மலையாள டீச்சர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். அவருக்குப் 'பனி' என்றால் காய்ச்சல். நமக்கு 'வெள்ளம்' ஊரை அடித்துப்போவது. அவர்களுக்கு அது குடிக்கும் தண்ணீர். நம் 'அவசரம்' அவர்களுக்கு வாய்ப்பு. சிரிப்புக்கு உரிய இந்தச் சொற்களையே ஒரு சுவர் முழுக்க இரண்டு பத்தியாக எழுதி வைத்து, ஒவ்வொரு நாளும் பிள்ளைகளே ஒன்று சேர்த்தால் எப்படி இருக்கும்? கேலி பாடமாகிவிடும். மலையாளமும் தானாகவே நாவில் ஏறும். இதற்குச் செலவு ஒரு டப்பா சாயம்.

தமிழில் ஒரே 'க' இருக்கும் இடத்தில் மலையாளத்தில் நான்கு எழுத்து. ஐந்தாம் வகுப்பில் இந்தியும் சேர்ந்துகொள்ள, பத்து வயதுக்குள் நான்கு மொழி, நான்கு லிபி. பட்டணத்துப் பெரிய பள்ளியில் இதைச் செய்தால் விளம்பரம் போடுவார்கள். லயத்துப் பிள்ளை செய்வதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

கணக்குக்கும் வெளியே போக வேண்டியதில்லை. மலையில் கொழுந்து எடை போடும் இடத்தில் சாக்கின் எடையும் ஈரத்தின் எடையும் கழித்துக் கூலி எவ்வளவு என்று பார்ப்பதைவிட நல்ல கழித்தல் கணக்கு ஏது? அம்மாவின் கூலிச் சீட்டைச் சரிபார்க்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளையை எந்தத் தகப்பனும் பள்ளியிலிருந்து நிறுத்தமாட்டான். சித்தூர்ப் பக்கத்துக்கு வேறு கணக்கு. பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவில் கேரளத்துக்கு வர வேண்டும். ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. ஏழேகாலுக்கு எவ்வளவு என்று பிள்ளை போட்டுப் பார்க்கட்டும், 725 கோடி என்று விடை வந்ததும், "அப்படியானால் எங்கள் வாய்க்காலில் ஏன் காணோம்?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு விடை ஆசிரியரிடமும் இல்லை என்பது வேறு விஷயம்.

டீக்கடை நூலகம்

இப்படியெல்லாம் செய்ய முடியுமா என்று சந்தேகப்படுவோர் இடமலைக்குடியை நினைத்துப் பார்க்கலாம். 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைந்த ஊர் அது. முதுவர் குடிகள், அவர்கள் பேச்சு தமிழுக்கு மிக நெருக்கமானது. பெட்டிமுடியிலிருந்து காட்டுவழியாக 18 கிலோமீட்டர் நடந்து போக வேண்டியிருந்த காலத்தில் அங்கே ஓராசிரியர் பள்ளியில் கற்பித்தவர் பி.கே. முரளீதரன். மலையில் அவருக்குப் பெயர் வெறும் 'மாஷ்'. அவரும் சின்னத்தம்பி என்ற டீக்கடைக்காரரும் சேர்ந்து, அந்த மண்சுவர் டீக்கடையிலேயே 2010இல் 160 புத்தகங்களோடு 'அக்ஷரா' என்று ஒரு நூலகம் ஆரம்பித்தார்கள். சேர்வதற்கு 25 ரூபாய், மாதம் 2 ரூபாய். சாக்குப் பைகளில் வந்த அந்தப் புத்தகங்களைக் குடிமக்கள் எடுத்துப் போய்ப் படித்துத் திருப்பித் தந்தார்கள். கடன் கொடுத்த விவரம் பதிவேட்டில் ஒழுங்காக எழுதப்பட்டது. பெரிய ஆபீசுகளிலேயே பதிவேடு எப்படி இருக்கிறது என்று அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். அண்மை ஆண்டுகளில் அங்கே பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் முதுவர் பேச்சுச் சொற்களைத் திரட்டி அகராதியும் ஆக்கியிருக்கிறார். பிள்ளையின் வீட்டுப் பேச்சைப் புரிந்துகொள்ள வாத்தியார் அகராதி போடுகிறார்!

அந்த வழி தொடங்கும் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மலை சரிந்து லயங்கள் புதைந்து 70 பேர் மாண்டதை வாசகர்கள் மறந்திருக்க முடியாது. பள்ளிப் பிள்ளைகளும் அதில் உண்டு.

2025 ஜூலை இறுதியில், விடுமுறையை ஏப்ரல் - மே மாதங்களிலிருந்து மழைக்காலமான ஜூன் - ஜூலைக்கு மாற்றலாமா என்று கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது, மூணாறு மலையில் இருப்பவர்களுக்கு அது சரியாகவே பட்டிருக்கும். அங்கே ஜூனில்தான் மலை சரியும், சாலை அடைபடும். கொழிஞ்சாம்பாறையில் கதை நேர்மாறு. மலை மறைவில் இருக்கும் அந்தக் கிழக்குப் பகுதியில் மழை குறைவு. ஏப்ரலில் தகரக் கூரைக்குக் கீழே பிள்ளையை உட்கார வைத்தால் சுண்டிப்போகும். திருவனந்தபுரத்திலிருந்து ஒரே தேதி போட்டு இரண்டு எல்லைக்கும் பொருத்துவது சிரமந்தான். மாவட்டத்துக்கு மாவட்டம் தேதியை மாற்றிக்கொள்ள விட்டால் என்ன என்று தோன்றுகிறது.

அதுவரை பழைய கணக்கே. ஜூன் முதல் வாரம் தேனியிலிருந்து போடிமெட்டு ஏறி வரும் பஸ்ஸில் எத்தனை பிள்ளை இறங்குகிறது என்று மழையில் குடை பிடித்துக்கொண்டு வாத்தியார் நிற்பார். பதிவேட்டில் 29 பெயர். வர வேண்டிய பிள்ளைகள் இன்னும் இரண்டு.