தண்ணீர் இணைப்புக்கும் அடையாள அட்டை: அலபாமா சட்டமும் அதை எதிர்த்தவர்களும்

2011 அக்டோபர் 12. அமெரிக்காவின் தென்மாநிலமான அலபாமாவில், ஆல்பர்ட்வில் வட்டாரத்துக் கோழி இறைச்சி ஆலைகளில் ஆள் பற்றாக்குறையால் வேலை முடங்கியது. லத்தீன் அமெரிக்கக் குடியேறிகள் நடத்திய கடைகளும் உணவகங்களும் மூடிக் கிடந்தன. ‘எச்.பி. 56’ என்ற மாநிலக் குடியேற்றச் சட்டத்தை எதிர்த்து அன்று அவர்கள் வேலையைப் புறக்கணித்தார்கள்.

சட்டம் என்ன சொன்னது?

2011 ஜூன் 9 அன்று ஆளுநர் ராபர்ட் பென்ட்லி இதில் கையெழுத்திட்டார். வாகனச் சோதனையில் நிறுத்தப்படுபவர் சட்டவிரோதமாகத் தங்கியிருப்பதாகச் சந்தேகம் எழுந்தால், அவருடைய குடியேற்ற நிலையைப் போலீசார் விசாரிக்க வேண்டும். புதிதாகச் சேரும் மாணவர்களின் நிலையைப் பள்ளிகள் பதிவு செய்ய வேண்டும். நாட்டில் தங்குவதற்கான ஆவணமற்றவரோடு போட்ட பெரும்பாலான ஒப்பந்தங்கள் செல்லாது. ஆவணமற்றவர் என்று தெரிந்தே அவருக்கு வீடு வாடகைக்கு விட்டாலும், வண்டியில் ஏற்றிச் சென்றாலும் குற்றம். அரசு அலுவலகங்களோடு அவர் கொடுக்கல் வாங்கல் வைப்பது அதைவிடக் கடுமையான குற்றம்.

கடைசிப் பிரிவின் வீச்சு எவ்வளவு என்பது ஆல்குட் என்ற சிற்றூரில் தெரிந்தது. அலபாமா அடையாள அட்டையைக் காட்டாவிட்டால் தண்ணீர் இணைப்பு துண்டிக்கப்படலாம் என்று அங்கே அறிவிப்பு ஒட்டினார்கள்.

இதெல்லாம் திட்டமிட்டே எழுதப்பட்டது. ஆவணமற்ற ஒவ்வொருவரையும் பிடித்து நாடு கடத்த முடியாது. அன்றாட வாழ்வை நடத்தவிடாமல் செய்தால் தாங்களே போய்விடுவார்கள் என்பது கணக்கு. சட்டத்தை வரைய உதவிய கேன்சஸ் அரசியல்வாதி கிறிஸ் கோபாக் இந்த உத்தியை வெளிப்படையாகவே ஆதரித்தவர். வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டிருந்த நேரம் அது. உள்ளூர்க்காரர்களுக்கு வேலை திரும்பும் என்ற வாக்குறுதி எளிதாக எடுபட்டது.

போனவர்கள், நின்றவர்கள்

செப்டம்பர் 28 அன்று, சட்டத்துக்கு எதிரான வழக்கில், நீதிபதி ஷரன் பிளாக்பர்ன் சில பிரிவுகளை மட்டும் நிறுத்திவைத்து, பெரும்பாலானவை நடைமுறைக்கு வர அனுமதித்தார். அடுத்த சில நாட்களில், ஒரே நாளில் சுமார் 2,000 லத்தீன் அமெரிக்க மாணவர்கள் பள்ளிக்கு வரவில்லை. சாண்ட்லர் மலைப் பகுதித் தக்காளித் தோட்டங்களில் பறிக்க ஆளில்லாமல் பழங்கள் செடியிலேயே அழுகின. வாக்குறுதி அளிக்கப்பட்டபடி உள்ளூர்க்காரர்கள் அந்த இடத்தை நிரப்பவில்லை. வந்த சிலரும் அந்த வேலையில் நீடிக்கவில்லை.

போகாமல் நின்றவர்களில் பலருக்கு வாக்குரிமை இல்லை. தேர்தலில் தோற்கடிக்க முடியாத சட்டமன்றத்திடம் அவர்கள் காட்ட முடிந்தது தங்கள் உழைப்பின் மதிப்பைத்தான். அக்டோபர் வேலைநிறுத்தம் அதைக் காட்டியது.

துணைக்கு வந்தவர்களின் பட்டியலும் நீண்டது. தேவாலயத்துக்கு ஒருவரை வண்டியில் அழைத்துவந்தாலே குற்றமாகிவிடும் என்று கத்தோலிக்க, மெதடிஸ்ட், எபிஸ்கோபல் ஆயர்கள் வழக்குப் போட்டார்கள். 1963இல் வெள்ளை இனவெறியர்களின் குண்டுக்கு நான்கு சிறுமிகள் பலியான பர்மிங்ஹாம் 16ஆம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் நவம்பரில் எதிர்ப்புக் கூட்டம் நடந்தது. 2012 மார்ச்சில் செல்மாவிலிருந்து மான்ட்கமரிக்கு நடந்த பேரணியில், கறுப்பின மக்களின் வாக்குரிமையோடு இந்தச் சட்டத்துக்கு எதிரான குரலும் சேர்ந்தது.

தொழில் வட்டாரத்தை உலுக்கியது வேறொரு சம்பவம். டஸ்கலூசா அருகே மெர்சிடஸ் ஆலைக்கு வந்திருந்த ஜெர்மன் அதிகாரி ஒருவர் வண்டி ஓட்டும்போது, ஜெர்மன் அடையாள அட்டை மட்டுமே கையில் இருந்ததால் கைதானார். முதலீட்டுக்காக உலகெங்கும் தூது அனுப்பும் மாநிலத்துக்கு இது பெரிய தலைக்குனிவு.

நீதிமன்றத்தில் நடந்தது

பள்ளிப் பிரிவை 2011 அக்டோபர் 14 அன்றே மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்தியது. ஆவணமற்ற குழந்தைகளுக்கும் அரசுப் பள்ளிக் கல்வி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1982இலேயே தீர்ப்பளித்திருந்தது. அடுத்த ஆண்டு, 2012 ஜூனில், அரிசோனாவின் இதேபோன்ற சட்டத்தின் நான்கு பிரிவுகளில் மூன்றை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. யார் நாட்டில் தங்கலாம் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் மத்திய அரசினுடையது. மாநிலம் தனியாகத் தண்டனை விதிக்க முடியாது என்பதே சாரம்.

2013 அக்டோபரில் அலபாமா, வழக்குத் தொடுத்தவர்களோடு சமரசத்துக்கு வந்தது. பெரும்பாலான பிரிவுகள் நிரந்தரமாக முடக்கப்பட்டன. வழக்குச் செலவாக மாநிலம் 3,50,000 டாலர் கொடுத்தது. போலீஸ் விசாரணைப் பிரிவு கட்டுப்பாடுகளோடு நீடித்தது. பணியாளர்களின் தகுதியை முதலாளிகள் இணையவழியில் சரிபார்க்கும் விதியும் தப்பியது.

கதை முடியவில்லை

2023இல் ஃப்ளோரிடா கொண்டுவந்த சட்டம், நோயாளிகளின் குடியேற்ற நிலையை மருத்துவமனைகள் கேட்க வேண்டும் என்றது. அங்கும் தொழிலாளர்கள் வேலையைப் புறக்கணித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் டெக்சாஸ் ஒரு படி மேலே போய், சட்டவிரோதமாக எல்லை தாண்டுவதையே மாநிலக் குற்றமாக்கி, ஆட்களை மெக்சிகோவுக்குத் திரும்ப அனுப்பும் அதிகாரத்தைத் தன் நீதிபதிகளுக்கு அளித்தது. அந்தச் சட்டமும் உடனே வழக்கில் சிக்கியது. அதை எதிர்த்தவர்கள் கையில் எடுத்த முதல் ஆயுதம், 2012இன் அரிசோனா தீர்ப்பு.