போடி ஏலக் கணக்கு யார் பொறுப்பில்?

போடிநாயக்கனூர் வழியாகச் சென்றிருக்கும் வாசகர்கள் அறிவீர்கள்: சந்தைத் தெருக்களில் நடக்கும்போதே ஏலக்காய் மணம் நம்மை வரவேற்கும். ஆனால் செடி அங்கே இல்லை. பெரும்பாலான தோட்டங்கள் போடிமெட்டுக்கும் கம்பம்மெட்டுக்கும் குமுளிக்கும் அப்பால், கேரளத்தின் இடுக்கி மலைகளில் இருக்கின்றன. காய் கீழே இறங்கி வந்து தரம் பிரிக்கப்படுவதும் மூட்டை கட்டப்பட்டு வடக்கே செல்வதும் போடியில். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், தேவாரம் ஊர்களில் எத்தனையோ குடும்பங்களின் ஆண்டு வருமானம் இந்தச் சிறு பச்சைக் காயோடு கட்டுண்டு கிடக்கிறது. மகளின் திருமணமும் மகனின் கல்லூரிக் கட்டணமும் அந்த வார ஏலத்தில் என்ன விலை போனது என்பதைப் பொறுத்து நிச்சயிக்கப்படுவதுண்டு.

‘ஏலம்’ என்ற சொல் நம் மொழியில் இரு பொருள் தரும். ஏலக்காயைக் குறிப்பது பழந்தமிழ்ச் சொல். விலை கேட்டு விற்பதைக் குறிப்பது போர்த்துக்கீசியரிடமிருந்து வந்து சேர்ந்த சொல். கடல் கடந்து வந்த அந்தச் சொல், போடியில் தன் பெயரையே கொண்ட சரக்கைச் சந்தித்திருக்கிறது!

இந்த ஏலம் தனியார் விருப்பப்படி நடப்பதன்று. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1987இல் அமைக்கப்பட்டு, கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் நறுமணப் பொருட்கள் வாரியம் (மக்கள் வாயில் ‘ஸ்பைசஸ் போர்டு’) ஏலம் நடத்தும் நிறுவனங்களுக்கும் வாங்கும் வியாபாரிகளுக்கும் உரிமம் வழங்குகிறது. நெடுங்காலம் வாயால் விலை கூறிக் கேட்கும் முறையே இருந்தது. 2007இல் கணிப்பொறி வழி ஏலம் புகுத்தப்பட்டது. இன்று இடுக்கியின் புற்றடியிலும் நம் போடியிலும் அம்முறையே நடைபெறுகிறது.

அது எவ்வாறு நடக்கிறது? விவசாயி உலர்த்திய காயை ஏல நிறுவனத்திடம் ஒப்படைக்கிறார். எடை போடப்பட்டு, அவருடைய சரக்குக்கு ஒரு லாட் எண் தரப்படுகிறது. அதிலிருந்து எடுத்த மாதிரிக்காய் வியாபாரிகளின் கைக்கு வருகிறது. அவர்கள் நிறத்தையும் பருமனையும் ஒரு லிட்டர் அளவில் எத்தனை கிராம் நிற்கிறது என்பதையும் மதிப்பிட்டு, தம் முன் உள்ள விசையை அழுத்தி விலையை உயர்த்துகிறார்கள். வாய்மொழி ஏலத்தில் எவர் கேட்டார், எவர் எவருக்காக விட்டுக்கொடுத்தார் என்பது அறை முழுவதும் தெரியும். முகத் தாட்சண்யமும் பழைய கடன் பாக்கியும் அங்கே விலை பேசும். விசைக்குத் தாட்சண்யம் தெரியாது. இந்த மாற்றம் விவசாயிக்கு நன்மையே செய்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் கணிப்பொறியைக் கொண்டு வருவது ஒன்று. அதில் பதியப்படும் தகவலுக்கு யார் பொறுப்பு என வரையறுப்பது வேறொன்று. பெரிய நிறுவனங்களில் ‘தகவல் ஆளுகை’ என்று இதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். எதைப் பதிவது, யார் பதிவது, யார் பார்க்கலாம், யார் திருத்தலாம், எவ்வளவு காலம் பாதுகாப்பது, தவறினால் யார் பதில் சொல்வது ஆகியவையே அதன் கேள்விகள். பெயர் புதிது, விஷயம் புதிதன்று. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியதே. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும், கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும், சாட்சிகள் வேண்டும், எழுத்தருக்கும் சாட்சிக்கும் தீங்கு நேரக் கூடாது என்று அது பணிக்கிறது. எழுதுகிற கை, சொல்லுகிற வாய், பார்க்கிற கண் ஆகிய மூன்றும் ஒருவரிடமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்த அளவுகோலோடு போடி ஏலத்தைப் பார்ப்போம். ஒவ்வோர் ஏலத்துக்கும் வாரியம் ஓர் அட்டவணை வெளியிடுகிறது. தேதி, ஏல நிறுவனத்தின் பெயர், லாட்டுகளின் எண்ணிக்கை, வந்த எடை, விற்ற எடை, உச்ச விலை, சராசரி விலை ஆகியவை அதில் உள்ளன. எவரும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். பாராட்டத்தக்க வழக்கம் இது. ஆயினும் நாளிதழ்களும் தேநீர்க் கடைகளும் எடுத்துச் சொல்வது பெரும்பாலும் உச்ச விலையைத்தான். 2019 ஆகஸ்ட்டில் புற்றடியில் கிலோ 7,000 ரூபாய் என்ற செய்தி எங்கும் பரவியது. முந்தைய ஆண்டின் பெருவெள்ளத்துக்கும் பின்பு மழை பொய்த்ததற்கும் பிறகு காய் அரிதாகிப் போன காலம் அது. ஆனால் உச்ச விலை ஒரே ஒரு லாட்டுக்குக் கிடைத்ததாகவும் இருக்கலாம். அன்று சராசரி அதற்கு வெகு கீழே இருந்தது. 7,000 என்ற எண்ணை நம்பிக் கடன் வாங்கியவர், தகவல் இல்லாததால் ஏமாறவில்லை. தவறான கட்டத்தைப் படித்ததால் ஏமாந்தார். ஆகவே சகோதர சகோதரிகளே, சராசரியைப் பாருங்கள். அதோடு வந்த எடைக்கும் விற்ற எடைக்கும் உள்ள வேறுபாட்டையும் பாருங்கள். விலை ஏறியதாகச் சொல்லப்படும் நாளில் விற்காமல் திரும்பிய சரக்கு மிகுதியாக இருந்தால், அந்த ஏற்றத்தின் பலம் எவ்வளவு என்று புரியும்.

அட்டவணையில் ஒரு கட்டம் மட்டும் இல்லை: அந்தக் காய் எங்கிருந்து வந்தது என்பது. வியாபாரிகள் ஏலத்தில் வாங்கிய சரக்கையே மீண்டும் ஏலத்துக்குக் கொண்டு வருகிறார்கள் என்பது விவசாயிகள் சங்கங்களின் நெடுநாள் குறை. ஒரே மூட்டை இருமுறை எண்ணப்பட்டால் வரத்து மிகுதி போலத் தோன்றும்; வரத்து மிகுதி என்ற தோற்றமே விலையை இறக்கப் போதுமானது. இதனைக் காவலர்களை நிறுத்தித் தடுப்பது கடினம். தோட்டத்தின் பதிவு எண்ணும் லாட் எண்ணும் ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டு, ஒரு தோட்டம் விளைவிக்கக்கூடிய அளவுக்கு மேல் அதன் பெயரில் சரக்கு வரும்போது கணக்கே எச்சரிக்கை எழுப்புமாறு செய்தால் தடுக்கலாம். எழுதுபவரும் சாட்சியும் வெவ்வேறாக இருக்க வேண்டியது இங்கேதான். ஏல நிறுவனம் தன் வரத்தைத் தானே எழுதி, தானே சரிபார்த்தால் போதாது.

2021 ஜனவரியில் இன்னொரு மாற்றம் வந்தது. கொரோனா முடக்கத்தில் மாநில எல்லை கடப்பது வியாபாரிகளுக்குப் பெரும் இடராக இருந்த அனுபவத்துக்குப் பின், புற்றடி, போடி இரண்டு அரங்குகளையும் இணையம் வழியே இணைத்து ஒரே நேரத்தில் ஏலம் நடத்தும் முறை தொடங்கப்பட்டது. மலைப் பாதையில் வாகனம் ஏறாமலே போடி வியாபாரி புற்றடிச் சரக்குக்கு விலை கேட்கலாம். கேட்பவர் கூடினால் விலைக்கு நல்லது. ஆனால் கணக்கு இப்போது அரங்கில் இல்லை. தொலைவில் உள்ள ஏதோ ஒரு கணிப்பொறியில் இருக்கிறது. இணைப்பு நடுவில் அறுந்தால் கடைசியாகக் கேட்ட விலை செல்லுமா? அந்தப் பதிவு எத்தனை ஆண்டு காக்கப்படும்? தகராறு எழுந்தால் விவசாயி அதன் நகலைக் கேட்டுப் பெறலாமா? தோட்டக்காரர் சங்கங்கள் அடுத்த கூட்டத்தில் விலையைப் பற்றிப் பேசி முடித்தபின் இவற்றையும் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

விவசாயியின் கைப்பேசி எண், வங்கிக் கணக்கு, பான் எண் ஆகியவையும் இந்த ஏற்பாட்டினுள் செல்கின்றன. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அவை படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. எதற்காக என் விவரத்தை வாங்குகிறீர்கள் என்று கேட்கும் உரிமையை, மலையில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கும் அச்சட்டம் தருகிறது.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. பெரும்பாலும் ஆண்கள் காயைக் கொடுத்துவிட்டுச் சீட்டைச் சட்டைப் பையில் மறந்துவிடுகிறார்கள்; அது சலவையோடு போய்விடுகிறது. இல்லத்தரசிகள் ஒரு நாற்பது பக்க நோட்டை ஒதுக்கி, கொடுத்த தேதி, எடை, லாட் எண், விற்ற விலை, பணம் வந்த தேதி ஆகியவற்றைக் குறித்து, சீட்டையும் அதே பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பக்கத்தில் அன்றைய சராசரி விலையையும் எழுதுங்கள். ஒரு பருவம் முடிவதற்குள், எந்த ஏல நிறுவனத்தில் உங்கள் காய் சராசரிக்கு மேலே போகிறது, எங்கே கீழே போகிறது, எது பணத்தைத் தாமதப்படுத்துகிறது என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.