வாழையை வாட்டும் பூஞ்சை, தவிட்டைக் காக்கும் நொதி

நொதி செய்யும் தொழில் – 14

பிளீச்சில் அடிபட்டுச் செயலிழந்த சப்டிலிசின் என்ற நொதியை, அதன் 222ஆம் இடத்து மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை மாற்றி மீட்ட கதை போன வாரம் முடிந்தது. இந்த வாரம் விஞ்ஞானி பிரான்சிஸ் அர்னால்டைப் பார்ப்போம் என்று சொல்லியிருந்தேன். அவருக்கு முன்னால் மண்ணச்சநல்லூர்த் தவிட்டைப் பார்த்துவிடுவோம். நொதி ஒரு பொருளை எப்படிக் கெடுக்கும், எப்படிக் காக்கும், மனிதன் அதை எப்படித் திருத்துகிறான் என்ற மூன்று கேள்விக்கும் அந்தத் தவிட்டில் விடை கிடைக்கிறது.

ஸ்ரீரங்கத்தைத் தாண்டி, கொள்ளிடம் பாலம் ஏறி இறங்கி, நம்பர் 1 டோல்கேட்டிலிருந்து துறையூர்ப் பக்கம் போனால் மண்ணச்சநல்லூர். ஊர் நெருங்கும்போதே நெல் அவியும் வாசம் வந்துவிடும். சென்னை மளிகைக் கடையில் மூட்டை மேல் ஊர்ப் பெயரைப் பார்த்துப் பொன்னி வாங்குகிறார்கள் என்றால், அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவை இங்குள்ள அரிசி ஆலைகள். நெல்லை ஊறவைத்து, நீராவியில் அவித்து, காயவைத்து, உமி நீக்கி, தீட்டி அனுப்புகிறார்கள். அரிசிக்குப் பேர் உண்டு. தீட்டும்போது உதிர்கிற தவிட்டை யாரும் ஊர்ப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை.

100 கிலோ நெல்லில் தவிடு 5 முதல் 8 கிலோ தேறும். அந்தத் தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. பச்சரிசித் தவிடானால் 15 முதல் 20 சதவீதம். புழுங்கலரிசித் தவிடானால் இன்னும் சற்றுக் கூடும். இதே தவிட்டில் லிபேஸ் என்ற நொதியும் இருக்கிறது. முழு நெல்மணிக்குள் எண்ணெய் ஓர் அடுக்கிலும் லிபேஸ் வேறோர் அடுக்கிலும் இருப்பதால் இரண்டும் சந்திப்பதில்லை. ஆலையில் தீட்டுகிற கணத்தில் அடுக்குகள் சிதைந்து இரண்டும் கலந்துவிடுகின்றன. லிபேஸ் எண்ணெய் மூலக்கூறைப் பிடித்து அதன் கொழுப்பு அமிலங்களை ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கும். காப்பாற்றாத பச்சைத் தவிட்டில் இந்த அமில அளவு ஒரு நாளைக்கு 5 முதல் 7 சதவீதம் வரைகூட ஏறலாம். ஒரு வாரம் கிடந்த தவிட்டின் எண்ணெய் சமையலுக்கு உதவாது, சோப்புக்குத்தான் போகும்.

புழுங்கல் தவிட்டில் இந்தச் சிக்கல் குறைவு. அவிக்கும்போது ஏறுகிற நீராவிச் சூடு, நெல்மணிக்குள் இருக்கும் லிபேஸை அரைப்பதற்கு முன்பே முடக்கிவிடுகிறது. புரதம் என்பது குறிப்பிட்ட வடிவில் மடிந்த சங்கிலி. சூட்டில் மடிப்பு குலைந்தால் நொதிக்கு வேலை கிடையாது. நெல் அவித்த நம் முன்னோர் நொதி என்ற பெயரைக் கேட்டதில்லை. ஆனாலும் ஒரு நொதியை எந்தக் கட்டத்தில் நிறுத்த வேண்டுமோ அந்தக் கட்டத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். நொதித் தொழில்நுட்பத்தின் முதல் பாடம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்: ஏவத் தெரிவதற்கு முன்னால் நிறுத்தத் தெரிய வேண்டும்.

ஆலை ஒன்றில் வயதான மேஸ்திரி ஒருவர் ஒரு பிடி தவிட்டை அள்ளி உள்ளங்கையில் இறுக்கிக் காட்டினார். பிடி பிரித்த பிறகும் விரல் பதிந்த தடத்தோடு உருண்டை அப்படியே நின்றது. உள்ளங்கை மினுமினுத்தது. “இது புழுங்கத் தவிடு சார், நாலு நாள் கிடந்தாலும் பயமில்ல. பச்சத் தவிடுன்னா அன்னைக்கே வண்டி ஏத்திரணும். மறுநாள் மோந்து பாத்தாலே சிக்கு வாடை அடிக்கும்” என்றார். ஆய்வுக்கூடத்தில் டைட்ரேஷன் செய்து சொல்வதை அவர் மூக்கால் சொல்கிறார். பச்சைத் தவிட்டுக்கு இன்றைய ஆலைகளில் உள்ள வழி, உதிர்ந்த கையோடு எக்ஸ்ட்ரூடரில் கொடுத்துச் சுமார் 130 டிகிரிச் சூட்டில் சில விநாடி அழுத்தி எடுப்பது. அங்கேயும் வேலை ஒன்றுதான், லிபேஸைக் குலைப்பது.

இனி எண்ணெய்க்கு வருவோம். தவிடு சால்வென்ட் ஆலைக்குப் போய், ஹெக்ஸேனில் கரைந்து, கரும்பழுப்பு எண்ணெயாக வெளியே வருகிறது. அதில் மெழுகு இருக்கிறது, கொழுப்பு அமிலம் இருக்கிறது, பிசின் இருக்கிறது. பிசின் என்று ஆலைக்காரர்கள் சொல்வது பாஸ்போலிப்பிடுகளை. இவற்றை நீக்காமல் எண்ணெயைச் சூடாக்கினால் நிறம் கறுத்துவிடும். தண்ணீர் சேர்த்துக் கலக்கினால் ஒரு பகுதி பிசின் தண்ணீரோடு வந்துவிடும். கால்சியம், மெக்னீசியத்தோடு பிணைந்த மற்றொரு பகுதி வராது. தவிட்டெண்ணெயில் இந்த அடம்பிடிக்கும் பகுதி கணிசமாக உண்டு.

காரம் சேர்த்துச் சுத்திகரிப்பது பழைய வழி. அதில் கொழுப்பு அமிலம் சோப்பாகப் பிரியும்போது நல்ல எண்ணெயையும் இழுத்துக்கொண்டு போகும். தவிட்டெண்ணெயின் சிறப்பான ஒரைசனால் என்ற பொருளில் பெரும்பகுதியும் அதோடு போய்விடும். காரமில்லாமல், வெற்றிடத்தில் நீராவி செலுத்திக் கொழுப்பு அமிலத்தைப் பிரிக்கும் முறையில் இந்த நஷ்டம் இல்லை. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எண்ணெயில் பாஸ்பரஸ் அளவு 10 பிபிஎம்முக்குள், முடிந்தால் 5க்குள் இருக்க வேண்டும். ஆலைக்கு வரும் பச்சை எண்ணெயிலோ அது நூற்றுக்கணக்கில் இருக்கும்.

இந்த இடைவெளியை அடைத்தது ஒரு நொதி. பாஸ்போலிப்பிடு மூலக்கூறுக்குத் தண்ணீரை விரும்பும் ஒரு தலை, எண்ணெயை விரும்பும் இரண்டு வால்கள். வடம் இழுக்கும் போட்டியில் ஒரு பக்கம் ஒருவரும் மறுபக்கம் இருவரும் நிற்பதுபோல, எண்ணெய்ப் பக்கம் ஜெயித்துக்கொண்டே இருக்கிறது. பாஸ்போலிபேஸ் அந்த வால்களில் ஒன்றை வெட்டிவிடுகிறது. உடனே தலையின் கை ஓங்க, மூலக்கூறு தண்ணீர்ப் பக்கம் வந்துவிடுகிறது. சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றினால் பிசின் தனி, எண்ணெய் தனி. ஒரு டன் எண்ணெய்க்குச் சில பத்து கிராம் நொதி போதும்.

1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் லுர்கி நிறுவனம் இம்முறையை எண்ணெய் ஆலைக்குக் கொண்டுவந்தபோது பயன்பட்ட பாஸ்போலிபேஸ் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. சமையல் எண்ணெயில் பன்றிக் கணையம் தொட்ட பொருள் என்றால் நம் நாட்டில் எத்தனை வீட்டு அடுப்பங்கரை அதை ஏற்கும்? யூதரும் முஸ்லிம்களும் ஏற்க மாட்டார்கள்; சைவச் சாப்பாட்டுக்காரர்களும் ஏற்க மாட்டார்கள். கணையம் வேண்டிய அளவுக்குக் கிடைப்பதும் இறைச்சிச் சந்தையைப் பொறுத்தது. ஆகவே டென்மார்க்கின் நோவோசைம்ஸ் நிறுவனம் நுண்ணுயிர்களிடம் தேடியது.

தேடிக் கிடைத்தவை இரண்டு. முதலாவது தெர்மோமைசஸ் லானுஜினோசஸ் என்ற பூஞ்சையின் லிபேஸ். கொதிக்கக் கொதிக்கக் கிடக்கும் உரக்குவியலில் வளர்கிற பூஞ்சை இது. அதன் நொதியும் சூட்டுக்கு அசராது. தொடரைப் படித்து வருபவர்களுக்கு இது பழைய நண்பர்தான். 1988இல் சலவைத்தூளில் சேர்ந்த லிபோலேஸ் இதன் லிபேஸே. உறுதியான நொதி, ஆனால் இதன் நாட்டம் சாதாரண எண்ணெய் மேல். இரண்டாவது ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் என்ற பூஞ்சையின் பாஸ்போலிபேஸ். இதற்குப் பிசினை வெட்டத் தெரியும், ஆலைச் சூட்டைத் தாங்கும் உறுதி போதாது. ஒன்றின் உறுதியும் மற்றதன் நாட்டமும் ஒரே நொதியில் வேண்டும். இரண்டின் மரபணுக்களிலிருந்தும் பகுதிகளை எடுத்து ஒன்றாக ஒட்டினார்கள். அந்தக் கலப்பு மரபணு தந்த புரதம்தான் லெசிடேஸ் அல்ட்ரா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. போன வாரம் ஓரிடத்தை மாற்றிய கதை பார்த்தோம். இது இரண்டு உயிர்களின் நொதியைப் பிணைத்து மூன்றாவது ஒன்றைக் கட்டிய கதை.

ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் என்ற பெயரைப் படித்த இடத்தில் இந்த வாரம் நான் நின்றுவிட்டேன். திருச்சிக்காரர் எவரும் நின்றுதான் ஆக வேண்டும். வாழை வாடல் நோயைக் கொண்டுவரும் பூஞ்சை இதே இனம்!

கொள்ளிடக்கரையிலும் காவிரிக்கரையிலும் ரஸ்தாளி போட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள். முதலில் அடி இலை ஓரத்தில் மஞ்சள் ஏறும். பிறகு இலைகள் காம்போடு ஒடிந்து தண்டைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கும். தண்டின் அடிப்பகுதி நீளவாக்கில் வெடிக்கும். மரத்தை வெட்டிக் கிழங்கைப் பிளந்தால் உள்ளே செம்பழுப்பு வளையம் ஓடியிருக்கும். மண்ணில் இருந்தபடியே வேர் வழியாக ஏறிய பூஞ்சை, தண்ணீர் போகிற குழாய்களை அடைத்துவிட்டது என்று அர்த்தம். போகிற வழியில் செடியின் செல் சுவரை அரிக்கும் நொதிகளைச் சுரந்துகொண்டே போகும். மருந்தடித்து விரட்ட முடியாது. மண்ணில் பல்லாண்டு உறங்கிக் கிடக்கும்; அடுத்த கன்று வைத்ததும் விழித்துக்கொள்ளும். ரஸ்தாளி இதற்கு மிக எளிதில் விழும் ரகம். குலை தள்ளுகிற பருவத்தில் தோப்பு வாடி நிற்பதைக் கண்ட விவசாயியின் முகத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷேல் வாழையை 1950களில் சந்தையிலிருந்தே விரட்டியது இந்தப் பூஞ்சைதான். அதன் இடத்துக்குக் கேவண்டிஷ் வந்தது. இப்போது கேவண்டிஷையும் வீழ்த்தும் டிஆர்4 என்ற வகை கிளம்பி, இந்தியாவுக்குள்ளும் நுழைந்துவிட்டது. 1993 முதல் திருச்சியில் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இதனோடு போராடிக்கொண்டிருக்கிறது.

இந்த இனத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒன்று வாழைக்கு, ஒன்று தக்காளிக்கு, ஒன்று பருத்திக்கு என்று தனித்தனியே பயிரைத் தேர்ந்துகொள்ளும். யாருக்கும் தீங்கு செய்யாமல் மண்ணில் வாழ்பவையும் உண்டு. ஆலைக்கு நொதி தந்ததும் வாழையைக் கொல்வதும் ஒரே வகை என்று நான் சொல்லவில்லை. ஒரே இனம். ஆலைக்கு வந்திருப்பது பூஞ்சையும் இல்லை. அதன் ஒரு நொதிக்கான மரபணுவின் துண்டு மட்டுமே. ஆனாலும் கொள்ளிடத்துக்குத் தெற்கே தோப்பை அழிக்கும் இனத்தின் திறமை ஒன்று, கொள்ளிடத்துக்கு வடக்கே அரைத்த தவிட்டின் எண்ணெயைத் துலக்குகிறது என்பது சாதாரணச் செய்தியா? நோய்க்கிருமி என்று நாம் பட்டம் கட்டி ஒதுக்கும் உயிரிடம் கோடி ஆண்டுப் பயிற்சியில் கூர்மையான கருவிகள் இருக்கின்றன. பயிரைத் துளைக்கத் தெரிந்தவனுக்குக் கொழுப்பை வெட்டவும் தெரிந்திருக்கிறது.

கதையில் மூன்றாவது பூஞ்சையும் ஒன்று உண்டு. ஒட்டிய மரபணுவைக் கொடுத்து நொதியை உற்பத்தி செய்யச் சொன்னது அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சையிடம். ஜப்பானியர் நூற்றாண்டுகளாக அவித்த அரிசியில் இதை வளர்த்துத்தான் சாக்கே மதுவும் மிசோவும் செய்கிறார்கள். 2006இல் இதைத் தங்கள் தேசியப் பூஞ்சை என்றே அறிவித்துக்கொண்டார்கள். அரிசியில் பழகிய பூஞ்சை, அரிசித் தவிட்டின் எண்ணெய்க்கு நொதி செய்கிறது.

தவிட்டுக்கும் இந்தப் பூஞ்சைக்கும் இன்னும் பழைய உறவு ஒன்று உண்டு. ஜோகிச்சி தாகமினே என்ற ஜப்பானிய வேதியியலாளர் அமெரிக்கா போய், விஸ்கிக்கு மால்ட்டுக்குப் பதில் இந்தப் பூஞ்சையைப் பயன்படுத்தலாம் என்று காட்ட முயன்றார். மால்ட் வியாபாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. இல்லினாய்ஸில் பியோரியா ஊரில் இருந்த அவருடைய ஆலை தீக்கிரையானது. அவர் விடவில்லை. விலை மலிந்த கோதுமைத் தவிட்டில் பூஞ்சையை வளர்த்து, அதிலிருந்து மாவுச்சத்தைக் கரைக்கும் நொதியைப் பிரித்தெடுத்து 1894இல் காப்புரிமை பெற்றார். டாகா-டயஸ்டேஸ் என்ற செரிமான மருந்தாக அது உலகெங்கும் விற்றது. நம் ஊர் மருந்துக்கடையில் வயிற்று மந்தத்துக்குத் தரும் சிரப்பின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். ஃபங்கல் டயஸ்டேஸ் என்று எழுதியிருக்கும். அந்த வம்சம்தான். நுண்ணுயிர் நொதித் தொழிலே தவிட்டுப் படுக்கையில் பிறந்தது என்று சொல்லலாம்.

கலப்பு நொதி வெளிநாட்டில் பிறந்தது. அதைத் தவிட்டெண்ணெய்க்குப் பொருத்திய வேலை நம் நாட்டில் நடந்தது. ஹைதராபாத்தில் உள்ள இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆர்.பி.என். பிரசாத்தும் அவருடைய சகாக்களும், மெழுகும் அமிலமும் மிகுந்த இந்த முரட்டு எண்ணெய்க்கு எந்த அமிலத்தன்மை, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் என்று வகுத்தார்கள். சோயா எண்ணெய்க்கு எழுதிய செய்முறையை அப்படியே இதற்குப் போட முடியாது. சோதனைக்கூடத்தோடு நிற்காமல், நம் ஆலைகளில் ஓடுகிற முறையாக அதை ஆக்கிக் கொடுத்தார்கள். நொதியைத் திருத்துவது பாதி வேலை. அது இறங்குகிற எண்ணெயை அறிந்து இடம் அமைத்துக் கொடுப்பது மீதிப் பாதி.

ஆகவே என் ஆதங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். உரக்குழியிலும் வாழைத் தோப்பிலும் கிடக்கிற பூஞ்சைகளைக் கொண்டு பிற நாட்டார் நொதி கட்டுகிறார்கள். நம்மிடம் குழியும் இருக்கிறது, தோப்பும் இருக்கிறது, தவிடும் மலைபோல் இருக்கிறது. சண்டிகரில் 1986 முதல் நுண்ணுயிர்ச் சேகரம் இருக்கிறது. தஞ்சாவூரில் நெல் பதப்படுத்தலை ஆராய்வதற்கென்று வளர்ந்த நிறுவனம் இருக்கிறது. மண்ணச்சநல்லூர் ஆலையின் ஊறல் தொட்டியில், உமிச் சாம்பல் மேட்டில், சூடேறிக் கிடக்கும் தவிட்டு மூட்டையின் அடியில் என்னென்ன பூஞ்சை வாழ்கிறது என்று ஒரு கல்லூரி மாணவர் கிளம்பிப் போய்ப் பார்க்க வேண்டும். தவிட்டெண்ணெயிலேயே வாழ்ந்து பழகியது எதுவோ, அதன் நொதி தவிட்டெண்ணெய்க்கு இன்னும் நன்றாகப் பொருந்தலாம்.

கிடைத்தாலும் உடனே ஆலைக்குப் போகாது. சூடு தாங்க வேண்டும், அமிலம் தாங்க வேண்டும், விலை கட்டுப்படியாக வேண்டும். எந்த இடத்தை மாற்றினால் அது கைகூடும் என்று முன்கூட்டித் தெரியாதபோது என்ன செய்வது? கண்ணை மூடிக்கொண்டு ஆயிரக்கணக்கில் மாற்றிப் பார், தேறியதை வைத்துக்கொண்டு மறுபடி மாற்று என்றார் ஒருவர். 2018இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அர்னால்டின் அந்த முறையை அடுத்த வாரம் முழுதாகப் பார்ப்போம்.

(தொடரும்)