மண் பரிசோதனை: அளவையும் அதிகாரமும்

தேசிய இலக்கியம் பற்றிய விவாதம் நடந்த 1960களில் 'மண்வாசனை' என்னும் தொடர் எமது விமரிசனத்திற் பெருவழக்குப் பெற்றிருந்தது. அம்மண்ணில் என்ன உள்ளது என்ற வினாவை நாம் எழுப்பியதில்லை. அவ்வினாவுக்கு எம்மை இட்டுச் சென்றவர் மார்க்ஸ். முதலாளித்துவ விவசாயம் உழைப்பாளியை மட்டுமன்றி மண்ணையும் கொள்ளையிடுகின்றது என 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதலாம் பாகத்தில் அவர் வாதித்தமைக்கு ஜேர்மன் இரசாயனவியலாளர் லீபிக்கின் ஆய்வுகள் துணைநின்றன.

விளைச்சலை நிர்ணயிப்பது மிகுதியாக உள்ள போசணையன்று. தேவையோடு ஒப்பிடுகையில் மிகக் குறைவாக உள்ளதே. ஸ்பிரெங்கல் 1828இற் கூறி, பின்னர் லீபிக்கினாற் பரவிய கருத்து இது. நாகம் குறைந்த வயலில் யூரியாவை இரட்டித்தாற் பணமே கரையும்.

யாழ்ப்பாணத்து வலிகாமச் செம்மண்ணை நோக்குவோம். சுண்ணக்கல்லின் மேலமைந்த அம்மண் பல இடங்களிற் காரத்தன்மை உடையது. அத்தகைய மண்ணிற் பொசுபரசு கல்சியத்தோடு பிணைந்து வேருக்குக் கிட்டாதொழியும். எனவே மொத்தப் பொசுபரசையன்றி, வேர் பெறக்கூடிய பங்கையே அளத்தல் வேண்டும். 1954இல் ஒல்சனும் சகாக்களும் சோடியம் இருகாபனேற்றுக் கரைசலைக் கொண்டு வகுத்த முறை இதன்பொருட்டே. மாதிரியும் நேர்மையானதாதல் வேண்டும். வரம்போரத்தையும் எருக்குவியல் கிடந்த இடத்தையும் விலக்கி, பத்துப் பதினைந்து இடங்களில் 15 சென்ரிமீற்றர் ஆழம்வரை எடுத்துக் கலந்த மண்ணே தோட்டத்தைப் பிரதிநிதித்துவஞ் செய்யும். (அரசியலிலும் இச்சொல் இத்துணைக் கண்டிப்போடு வழங்குமாயின் நன்று.)

ஆயினும் மண் கூறுவது பாதியே. நைதரசன் மழையோடும் இறைப்போடும் மாறுவது. அதனைப் பயிரிடமே கேட்டறிதல் வேண்டும். முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளித்தால் நைதரசன் குறைவு என ஐயுறலாம். இளம் இலையில் நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி வெளிறின் இரும்பு குறைவு எனலாம். கண்ணுக்குப் புலனாகுமுன்னரே குறையைக் காட்டவல்லது இலைப் பகுப்பாய்வு. நெல்லுக்கு இலைநிற அட்டை உண்டு. விவசாயி தம் கையில் வைத்துத் தாமே முடிவெடுக்க உதவும் அளவுகோலாதலால், ஆய்வுகூடக் கருவிகளிலும் மேலாக அதனை நாம் மதிக்கின்றோம்.

அளவையின்றி இட்ட பசளை நிலத்தடி நீரைச் சேர்கின்றது. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்யப்படும் வலிகாமத்திற் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குறித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியுள்ளமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. மலக்குழிகளுக்கும் இதிற் பங்குண்டு. அத்தகைய நீரிற் கரைத்த பால்மா கைக்குழந்தையின் குருதி ஒட்சிசன் காவும் திறனைக் குறைக்கக்கூடும்.

இதன் மறுதலையை 2021இற் கண்டோம். அவ்வாண்டு மே மாதத்தில் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. நவம்பரில் தடையைக் கைவிட்டது. 2021/22 பெரும்போக நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. பரந்த பிரதேசம் முழுவதற்கும் ஒரே அளவு இடுக என்ற பழைய விதப்புரையும், எங்கும் இடற்க என்ற ஆணையும் ஒரே மேசையில் எழுதப்பட்டவை. இரண்டிலும் வயல் வினவப்படவில்லை.

சேதனப் பசளையால் மண்ணைத் திருத்தப் பல போகங்கள் செல்லும். குத்தகைக்குச் செய்பவரோ அடுத்த போகம் அந்நிலம் தமக்குக் கிடைக்குமா என்பதை அறியார். ஒரு போகத்துள் பலன்தரும் யூரியாவை அவர் நாடுவதை அறியாமை என்போருடன் நாம் உடன்படோம்.