வண்டிக்குள் ஊபர் பெட்டி: எங்கே வைப்பது?

தேவிகுளம் வட்டாரத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு ரோட்டோரம் நிற்பவர்களுக்கு, வண்டி வருவது கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். எஞ்சின் சத்தத்தைச் சொல்லவில்லை. 'தொம், தொம்' என்று நெஞ்சில் வந்து இடிக்கிறதே, அந்த முழக்கத்தைச் சொல்கிறோம். அதற்குப் பிறகுதான் பனிமூட்டத்துக்குள்ளிருந்து பிக்கப் வண்டியின் விளக்கு எட்டிப் பார்க்கும். வட்டவடையிலிருந்து காரட்டும் பூண்டும், மறையூரிலிருந்து வெல்லமும், பூப்பாறைப் பக்கமிருந்து ஏலக்காயும் ஏற்றிச் செல்லும் இந்த வண்டிகள் பலவற்றில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். தோட்டத்தில் கொழுந்து பறித்த தாயின் சேமிப்பும் வங்கிக் கடனும் சேர்ந்து வாங்கிய வண்டிகள் அவை.

பாட்டுக் கேட்பதை யாரும் குறை சொல்ல முடியாது. தன்னந்தனியாக மலைப்பாதையில் இரவும் பகலும் ஓட்டுகிறவருக்குப் பாட்டுத்தான் பேச்சுத் துணை. இந்த மலைக்கும் பாட்டுக்கும் உள்ள உறவும் பழையது. 1958-ல் நடந்த தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பாடிப் பிரசாரம் செய்தவர் பாவலர் வரதராஜன். அவருடைய தம்பிதான் இளையராஜா. அவர்கள் பிறந்த பண்ணைப்புரம் இந்த மலைக்கு அந்தப் பக்கம், தேனி மாவட்டத்து அடிவாரத்தில் இருக்கிறது. 1976-ல் 'அன்னக்கிளி' வந்ததிலிருந்து அவர் பாட்டு ஒலிக்காத டீக்கடை இங்கே அபூர்வம்.

அவர் பாட்டுகளில் பேஸ் கிடார் தனியாக ஒரு மெட்டு போட்டுக்கொண்டே போகும். வண்டியோடு வரும் சின்னக் கதவு ஸ்பீக்கரில் அது சரியாகக் கேட்காது. அதற்காகத்தான் ஊபர் பெட்டி வாங்குகிறார்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் பெட்டியை வண்டிக்குள் எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள்.

எங்கே வைத்தாலும் ஒரே முழக்கம்தான்

ஊபர் பெட்டி தருவது தாழ்ந்த சுருதியிலுள்ள ஒலி. காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. 40 ஹெர்ட்ஸ் கொண்ட ஒரு முழக்கத்தின் ஓர் அலை முழுதாக விரிய எட்டரை மீட்டர் தேவை. பிக்கப் வண்டியின் கேபினோ முன்கண்ணாடியிலிருந்து பின் தகடு வரை அதில் கால்வாசிகூட இராது. எனவே அந்த அலை கேபினுக்குள் விரிவதே இல்லை. உள்ளே இருக்கும் காற்று முழுவதும் ஒரே நேரத்தில் அமுங்கி, ஒரே நேரத்தில் தளர்கிறது. சைக்கிள் பம்புக்குள் இருக்கும் காற்றைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

இதனால் இரண்டு உண்மைகள் விளங்கும். முதலாவது, சிறிய கேபினில் சிறிய பெட்டியே போதும். கல்யாண மண்டபத்தில் பெரிய பெட்டி செய்யும் வேலையைக் கதவை மூடிய கேபினில் எட்டு அங்குல ஊபர் செய்துவிடும். இரண்டாவது, சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மனிதக் காதால் பிரித்தறிய முடியாது. பெட்டி முதுகுக்குப் பின்னால் இருந்தாலும் காலடியில் இருந்தாலும் கேட்பதில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆகவே இடத்தை முடிவு செய்யும்போது காதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஓட்டுநரின் முதுகு, கால், உயிர் இந்த மூன்றையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மூன்று இடங்கள்

பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது சீட்டுக்குப் பின்னால் உள்ள இடுக்கு. ஒற்றைக் கேபின் வண்டிகளில் அந்த இடம் மிகக் குறைவு. அதற்குள் பெரிய பெட்டியைத் திணித்தால் சீட் முன்னால் தள்ளப்படும், அல்லது சாய்மானம் நிமிர்ந்துவிடும். முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கும். கிளட்சை முழுதாக மிதிக்கக் கால் மடங்காது. போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் நொடிக்கொரு கியர் மாற்றும் மனிதருக்கு இது இடுப்புவலியோடு நிற்காது, விபத்தும் ஆகலாம். பின்புறம்தான் வைக்க வேண்டுமென்றால் அந்த இடுக்கின் அளவுக்கே செய்த மெல்லிய, சாய்ந்த பெட்டியாக இருக்கட்டும். பெட்டியை வைத்த பிறகும் சீட் பழைய இடத்திலேயே நிற்க வேண்டும். ஊபரின் கூம்புக்கும் எதிரே உள்ள தகடு அல்லது சீட்டுக்கும் இடையே மூன்று விரல் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் ஒலியும் கெடும், கூம்பும் கிழியும். ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் எடுக்க வழி விட மறக்கக்கூடாது.

இரண்டாவது இடம் சீட்டுக்கு அடியில். இதற்கென்றே ஆம்ப்ளிபயரோடு சேர்ந்த தட்டையான பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. ஒற்றைக் கேபினுக்கு இதுவே சிறந்த வழி. ஆனால் எல்லா வண்டிக்கும் பொருந்தாது. டாட்டா ஏஸ் போன்ற சிறு வண்டிகளில் சீட்டுக்கு அடியில் எஞ்சின் இருக்கிறது. அந்தச் சூட்டில் மின்சாதனம் வைப்பது அடுப்பின் மேல் ரேடியோ வைப்பதற்குச் சமம்.

மூன்றாவது, பக்கத்துச் சீட்டுக்காரரின் காலடி. இது வேண்டாம். வேலைக்குப் போகும் அம்மாவோ ஆஸ்பத்திரிக்குப் போகும் பெரியவரோ அங்கே உட்கார்ந்தால் காலை எங்கே வைப்பார்கள்? மழைக்காலத்தில் செருப்போடு வரும் சேறும் தண்ணீரும் பெட்டியின் பலகையை ஊற வைத்து உப்பச் செய்துவிடும். பெட்டி நகர்ந்து பெடல் பக்கம் போனால் பிரேக்கை மிதிக்கவும் இடம் இராது.

கட்டாத பெட்டி எறிகுண்டு

எங்கே வைத்தாலும் பெட்டியைக் கேபினோடு இரும்புப் பட்டை போட்டு, போல்ட் முறுக்கிக் கட்ட வேண்டும். கயிறும் ரப்பரும் போதாது. கணக்குப் பாருங்கள். 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி, பத்தில் ஒரு வினாடியில் நின்றுவிட்டால், 15 கிலோ பெட்டி 200 கிலோவுக்கு மேற்பட்ட கனத்தோடு முன்னால் பாயும். அப்போது அதன் எதிரே இருப்பது ஓட்டுநரின் பிடரி.

கம்பியிலும் கவனம் வேண்டும். 300 வாட் ஆம்ப்ளிபயர் 12 வோல்ட்டில் 25 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஹெட்லைட் கம்பியிலிருந்து கிளை எடுத்தால் ஒயர் உருகித் தீப்பிடிக்கும். பேட்டரியிலிருந்து நேராக, எட்டு சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத சுத்தச் செம்புக் கம்பி இழுக்க வேண்டும். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் போட வேண்டும். தகட்டைத் துளைத்துக் கம்பி வரும் இடத்தில் ரப்பர் வளையம் மாட்ட வேண்டும். வளையம் இல்லாவிட்டால் மலைரோட்டுக் குலுக்கலில் தகட்டின் விளிம்பு கம்பியை நாளாக நாளாக அறுத்துவிடும்.

லோடு ஏற்றும்வரை எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்பதும் இங்கே பழக்கம். குளிரில் பேட்டரியின் பலம் ஏற்கெனவே குறைந்திருக்கும். பாட்டும் அதை உறிஞ்சிவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. உடனே சரிவில் உருட்டிப் பார்ப்பார்கள். எஞ்சின் ஓடாத வண்டிக்குப் பிரேக்கின் துணைவிசை சீக்கிரம் போய்விடும், பவர் ஸ்டீயரிங்கும் கல்லாக இறுகிவிடும். சரக்கு ஏற்றிய வண்டியை அப்படி மலையில் உருட்டுவது உயிரோடு விளையாடுவதாகும்.

காதும் ஒரு கண்

மலைப்பாதையில் வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். எதிர் வண்டியின் ஹார்ன், பிரேக் லைனிங் தேய்ந்து இரும்பு உரசும் ஒலி, இரவில் ரோட்டோரம் யானை மரக்கிளை முறிக்கும் சத்தம் எல்லாமே எச்சரிக்கைகள். தேவிகுளம் கேப் ரோட்டில் 2019-லும் 2020-லும் மலை சரிந்ததை இந்தப் பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். மேலிருந்து முதல் கல் உருளும் சத்தம் காதில் விழுந்தால் தப்பிக்க ஒரு நொடியாவது கிடைக்கும். பலத்த தாழ்ந்த முழக்கம் மற்றச் சத்தங்களை மூடி மறைத்துவிடுவது காதின் இயல்பு.

இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. வண்டியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, வழக்கமாகக் கேட்கும் அளவில் பாட்டை வையுங்கள். நண்பரை நூறடி தள்ளி நின்று அவர் வண்டியின் ஹார்னை அடிக்கச் சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால் கேட்கும்வரை பாட்டைக் குறையுங்கள். அந்த இடத்தில் குமிழுக்கு ஒரு கோடு போட்டுவிடுங்கள். அதற்கு மேல் போகக்கூடாது.

செவியின் நலத்துக்கும் இது நல்லது. 85 டெசிபெல் சத்தத்தை நாளுக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது தொழில் மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை. மூன்று டெசிபெல் கூடினால் அந்த நேரம் பாதியாகிவிடும். 91 டெசிபெல்லுக்கு இரண்டு மணி நேரந்தான் கணக்கு. போன செவி திரும்ப வராது.

சட்டம் என்ன சொல்கிறது?

2022 அக்டோபர் 5 இரவு பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் மாணவர்களை ஏற்றிச் சென்ற சுற்றுலா பஸ் அரசு பஸ்ஸின் பின்னால் மோதி ஒன்பது பேர் மாண்டனர். அந்தத் துயரத்துக்குக் காரணம் வேகம். ஆனாலும் வண்ண விளக்கும் அதிரும் ஒலிப்பெட்டியும் பொருத்திய வண்டிகள்மீது உயர்நீதிமன்றத்தின் பார்வையும் மோட்டார் வாகனத் துறையின் பார்வையும் அதன் பிறகு கடுமையாயின. தயாரிப்பாளர் அளித்த வடிவத்தை விதிக்கு மாறாக மாற்றக்கூடாது என்று, கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே சீட்டை வெட்டுவதும் பின் தகட்டை அறுப்பதும் வேண்டாம். போல்ட்டைக் கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிடும் விதத்தில் பொருத்தினால் போதும்.

பெட்டி வாங்கப் போகும் தம்பிமார் முதலில் அளவு நாடாவோடு கேபினுக்குள் ஏறட்டும். சீட்டை நகர்த்தாமல், காலை மறிக்காமல், ஜாக்கியை மறைக்காமல் எவ்வளவு இடம் மிஞ்சுகிறதோ அதுவே பெட்டியின் அளவு. அந்த அளவைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போகட்டும். லயங்களைக் கடக்கும்போது பாட்டைக் கொஞ்சம் தணித்துக்கொள்ளட்டும். இரவு வேலை முடித்து அப்போதுதான் கண்ணயர்ந்தவர்கள் உள்ளே இருப்பார்கள். அவர்களும் நம்மவர்கள்தாமே!