வழி சொல்லும் வான்கோள்கள்

'வாயிருந்தால் வங்காளம் போகலாம்' என்பது நம் முன்னோர் மொழி. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் தமிழர்களாகிய நாம், வாயிருந்தும் மொழியறியாது தெருமுனையில் திகைத்து நின்ற நாட்களை மறந்திருக்க மாட்டோம். அத்தகைய நமக்கு, காரின் முகப்பில் இருந்துகொண்டு தமிழிலேயே திருப்பம் சொல்லும் கருவி பெருந்துணையே ஆகும். ஆயினும், அதன் சொல்லை எம்மட்டும் நம்பலாம் என்பதைத் தெளிய, அஃது இயங்கும் முறையை அறிதல் வேண்டும்.

ஜி.பி.எஸ். எனப்படும் அமெரிக்க அமைப்பு 1995-ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. அதன் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொரு கோளும் தான் இருக்கும் இடத்தையும், தன் அணுக்கடிகாரம் காட்டும் நேரத்தையும் வானொலி அலை வாயிலாக இடையறாது அறிவிக்கின்றது. அவ்வலை புறப்பட்ட நேரத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் ஒப்பிட்டு, கோளின் தொலைவை நம் கருவி கணிக்கின்றது. மூன்று கோள்களின் தொலைவு தெரிந்தால் இடம் புலப்படும். ஆனால், ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தொலைவு 300 மீட்டர் பிழைபடும். நம் கருவியின் கடிகாரமோ அத்துணை நுட்பமானதன்று. ஆகவே, அதைத் திருத்த நான்காவது கோளும் தேவையாகின்றது. நம் நாடும் 2013 முதல் இதற்கெனக் கோள்களை ஏவி, 'நாவிக்' என்னும் அமைப்பை நிறுவியது. 2023-இல் ஏவிய கோளில் உள்நாட்டிலேயே செய்த அணுக்கடிகாரம் இடம்பெற்றது.

இங்கு ஓர் உண்மையை நாம் மனத்திற்கொள்ள வேண்டும். கோள்கள் நம்மைப் பார்ப்பதில்லை, சாலையையும் அறியா. நாம் நிற்கும் இடத்தை அறிய உதவுவதோடு அவற்றின் பணி முடிந்தது. சாலையைக் காட்டுவது மனிதர் தொகுத்த நிலப்படமே. எனவே பிழையும் இருவகைப்படும். சுரங்கப்பாதையில் அலை எட்டாது. உயர்ந்த கட்டடங்களில் பட்டுத் தெறித்து வரும் அலை இடத்தை மாற்றிக் காட்டும். மேம்பாலத்தின் மேலா, கீழா என்பதிலும் மயக்கம் நேரும். இது முதல்வகை. நிலப்படம் பழையதாயிருத்தல் இரண்டாம் வகை, கொடியதும் இதுவே. 2024 நவம்பரில், உத்தரப்பிரதேசத்தில் ராமகங்கை ஆற்றின்மேல் முற்றுப்பெறாதிருந்த பாலத்திலிருந்து ஒரு கார் வீழ்ந்து மூவர் மாண்டனர். கருவி காட்டிய வழியே அவர்கள் சென்றதாகச் செய்திகள் கூறின.

ஆதலின், புறப்படுமுன் ஊர்ப்பெயரோடு மாவட்டத்தையும் அஞ்சற்குறியீட்டையும் ஒப்புநோக்குவோம். ஒரே பெயரில் ஊர்கள் பல உண்டு. கோளின் அலையைப் பெற இணையம் வேண்டியதில்லை, நிலப்படத்திற்கு வேண்டும். ஆகவே நெடுவழிக்குரிய படத்தை வீட்டிலேயே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்வோம். வடநாட்டு மார்கழிப் பனியை வானொலி அலை ஊடுருவும். நம் கண் ஊடுருவாது. எனவே, பாதை தெளிவாய்த் திரையில் தெரிகின்றதே என்று விரைதல் கூடாது. ஆளரவமற்ற புதுவழியில் கருவி திருப்பினால், வண்டியை ஓரமாக நிறுத்தி, அருகிலுள்ள தேநீர்க் கடையில் ஒரு சொல் கேட்போம். அதற்கு வேண்டிய நாலு சொற்களை அவ்வூர் மொழியில் கற்றுக்கொள்வதும் நம் கடமையே. நேற்றைய வெள்ளத்தில் எந்தப் பாலம் போயிற்று என்பதை வான்கோள் அறியாது; அக்கடைக்காரர் அறிவார்.