பத்து கிலோமீட்டருக்கு ஒரு பட்டம்

2025 ஏப்ரல் 12, 13 தேதிகளில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ், லூவன் நகரங்களில் ஐரோப்பா தன் முதல் 'ஐரோப்பிய ஓட்ட சாம்பியன்ஷிப்'பை நடத்தியது. மாரத்தான், அரை மாரத்தான், 10 கிலோமீட்டர் என மூன்று தூரங்கள், மூன்றும் சாலையில். பெண்களுக்கான 10 கிலோமீட்டரில் தங்கம் வென்றவர் இத்தாலியின் நாடியா பத்தோக்லெத்தி. அதற்கு முந்தைய ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் வெள்ளி வாங்கியவர்.

இதில் வியப்பு என்னவென்றால், இது 'முதல்' போட்டி என்பதுதான். ஐரோப்பா 1994 முதல் கிராஸ் கன்ட்ரி சாம்பியன்ஷிப் நடத்திவருகிறது. மைதானத்தில் ஓடும் 10,000 மீட்டருக்கென்று தனிக் கோப்பை 1997-லேயே வந்துவிட்டது. இரண்டும் ஆண்டுதோறும் நடப்பவை. சாதாரண மனிதர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷூ மாட்டிக்கொண்டு ஓடும் தூரம் எதுவோ, அந்தச் சாலைப் பத்து கிலோமீட்டருக்குத்தான் கண்டம் தழுவிய ஒரு பட்டம் கிடைக்க இவ்வளவு காலம் பிடித்தது.

சாலைக் குறுந்தூரத்துக்கு முன்பு பட்டமே இருந்ததில்லை என்று நினைத்துவிட வேண்டாம். உலக அளவில் ஒன்று இருந்தது, அதுவும் ஆண்டுதோறும். அது பெண்களுக்கு மட்டுமே உரியது. 1983-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் தொடங்கிய பெண்கள் உலகச் சாலை ஓட்டப் போட்டி அது. அந்த ஆண்டு நிலவரத்தைப் பார்த்தால் காரணம் புரியும். ஹெல்சின்கியில் நடந்த முதல் உலகத் தடகளப் போட்டியில், மைதானத்துக்குள் பெண்கள் ஓட அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச தூரம் 3,000 மீட்டர். அதை விட்டால் அடுத்தது 42 கிலோமீட்டர் மாரத்தான். நடுவில் ஒன்றுமே கிடையாது. பெண்களின் 10,000 மீட்டர் உலகப் போட்டிக்குள் நுழைந்தது 1987-இல், ஒலிம்பிக்குக்குள் 1988-இல். மைதானம் கதவைச் சாத்தியிருந்த காலத்தில், அந்த நடுத்தூரத்துக்காரிகளுக்குச் சாலைதான் இடம் கொடுத்தது.

சான் டியாகோவில் வென்றவர் பிரிட்டனின் வெண்டி ஸ்லை. மறு ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் 3,000 மீட்டர் இறுதியில், மேரி டெக்கரும் ஸோலா பட்டும் மோதிக்கொண்ட அந்தப் பெயர்பெற்ற பந்தயத்தில் வெள்ளி வாங்கியவரும் இவரே. விழுந்த டெக்கரையும், தடுக்கிவிட்டாரா என்று விவாதிக்கப்பட்ட பட்டையும் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. வெள்ளி வாங்கியவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? சாலைப் போட்டியில் அடுத்த மூன்று ஆண்டுகளும் போர்ச்சுகலின் அவ்ரோரா குன்யாவே தொடர்ந்து வென்றார். 1985 முதல் தூரம் 15 கிலோமீட்டராக நீண்டது. நார்வேயின் இங்ரிட் கிறிஸ்டியான்சன் இரண்டு முறை வென்றார். 1991-க்குப் பிறகு போட்டி நின்றுபோனது. அதற்குள் மைதானத்தில் பெண்களுக்குப் பத்தாயிரம் மீட்டர் கிடைத்திருந்தது. 1992-இல் இங்கிலாந்தில் உலக அரை மாரத்தான் போட்டி தொடங்கி, சாலைப் பட்டத்தை 21 கிலோமீட்டருக்குக் கொண்டுபோனது.

குறுந்தூரச் சாலை ஓட்டத்துக்கு என்று ஒரு பட்டம் தானாக முளைப்பதில்லை என்பதே இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. வேறு யாருக்கோ ஒரு தேவை வரும்போது அது பிறக்கிறது, தேவை தீர்ந்ததும் மறைகிறது. அன்றைய தேவை பெண்களுக்கான இடம். இன்றைய தேவை கூட்டம். நுழைவுக் கட்டணம் செலுத்தி ஓடும் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு நகரத்துக்கு வந்து தங்கி, சாப்பிட்டு, அதே தெருவில் சாம்பியன்கள் ஓடிய அன்றே தாங்களும் ஓடிவிட்டுப் போக வேண்டும். மைதானத்துக்குள் அது நடக்காது. ஐரோப்பியத் தடகள அமைப்பு பெல்ஜியத்தில் பொதுமக்கள் ஓட்டத்தையும் சேர்த்தே நடத்தியது. 2023 அக்டோபர் 1 அன்று லாட்வியாவின் ரீகாவில் நடந்த உலகச் சாலை ஓட்ட சாம்பியன்ஷிப்பும் இதே கணக்குதான். அரை மாரத்தானோடு 5 கிலோமீட்டரும் ஒரு மைலும் அங்கே புதிதாகச் சேர்ந்தன. ஆனால் எல்லாம் திட்டமிட்டபடி நடந்துவிடுவதில்லை. அடுத்த உலகப் போட்டி 2025-இல் சான் டியாகோவில் நடப்பதாக இருந்தது, நடக்கவில்லை.

சரி, இந்தப் பட்டங்களின் மதிப்பு என்ன? ஓட்டத்தைத் தொலைவிலிருந்து பார்ப்பவர் முதலில் நேரத்தைத்தான் பார்ப்பார், அதிலேயே ஏமாந்தும் போவார். கென்யாவின் பியாட்ரிஸ் செபெட் ரீகாவில் 5 கிலோமீட்டர் தங்கத்தை 14 நிமிடம் 35 விநாடியில் வென்றார். அதே செபெட் 2024 டிசம்பர் 31 அன்று பார்சிலோனாவில் அதே தூரத்தை 13 நிமிடம் 54 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். வித்தியாசம் 41 விநாடி. சாம்பியன்ஷிப்பில் வேகம் போட்டுத் தரும் பேஸ் மேக்கர் கிடையாது. முன்னால் போனால் காற்றை முகத்தில் வாங்க வேண்டும், பின்னால் வருபவர்களுக்கு நிழலாக இருக்க வேண்டும். அதனால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே ஓடிக் கடைசிக் கட்டத்தில் உடைத்துக்கொண்டு போவார்கள். சாதனை ஓட்டம் கடிகாரத்தை எதிர்த்து, இது ஆளை எதிர்த்து. எனக்குப் பார்க்கப் பிடித்தது இரண்டாவதுதான்.

ரீகாவின் மைல் ஓட்டம் மட்டும் விதிவிலக்கு. எத்தியோப்பியாவின் தீரிபே வெல்டெஜி 4 நிமிடம் 20.98 விநாடியில் வென்றார், அமெரிக்க இளைஞர் ஹாப்ஸ் கெஸ்லர் 3 நிமிடம் 56.13 விநாடியில். இரண்டுமே அன்றைய உலக சாதனை. சாலை மைலுக்கு அதிகாரபூர்வ சாதனைப் பட்டியலே அந்த ஆண்டுதான் திறக்கப்பட்டது என்பதால் இதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். ஆனால் ஒரு செய்தியைத் தள்ள முடியாது: மைதான மைலில் உலக சாதனையைக் கையில் வைத்திருந்த ஃபெய்த் கிப்யெகான் அங்கே மூன்றாவதாகத்தான் வந்தார். சாலைக்கு அப்படி ஒரு குணம் உண்டு.

குணம் என்றதும் அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைதானத்தில் ஒரு சுற்று 400 மீட்டர், கட்டும்போதே தீர்ந்துபோன விஷயம். சாலையோ வளையும், ஏறும், இறங்கும். அதை அளப்பது ஒரு சைக்கிள். முன்சக்கரத்தில் 'ஜோன்ஸ் கவுன்ட்டர்' என்ற சிறு கருவியைப் பொருத்துவார்கள். சக்கரச் சுழற்சியை எண்ணும் இந்தக் கருவி 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆலன் ஜோன்ஸ் உருவாக்கியது. முதலில் எஃகு டேப்பால் அளந்த ஒரு நேர்த்துண்டில் சைக்கிளை ஓட்டி, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை எண்ணிக்கை என்று பார்ப்பார்கள். வேலை முடிந்ததும் மறுபடி அதே துண்டில் ஓட்டிச் சரிபார்ப்பார்கள். வெயில் ஏறினால் டயர் உப்பி எண்ணிக்கை மாறிவிடும். வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ஓடக்கூடிய ஆகக் குறுகிய வழியிலேயே சைக்கிள் போக வேண்டும். இத்தனைக்குப் பிறகும் பாதுகாப்புக்காகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டிப் போடுவார்கள். ஆக, முறையாக அளந்த பத்து கிலோமீட்டர் என்பது காகிதத்தில் 10,010 மீட்டர்.

கை வாட்ச் 10.15 என்று காட்டுவதைப் பார்த்து அமைப்பாளரைத் திட்டுகிறவர்கள் நம்மூரிலும் உண்டு. பெரும்பாலும் அவர்கள் வளைவுகளில் அகலமாகச் சுற்றி வந்திருப்பார்கள். போதாததற்கு, ஜிபிஎஸ்ஸும் தன் பங்குக்குப் பிழை சேர்க்கும்.

இந்தக் கவனம் தவறினால் என்ன ஆகும் என்பதைக் கென்யாவின் ஆக்னஸ் ங்கெடிச் அனுபவித்தார். 2023 செப்டம்பரில் ருமேனியாவின் பிராஷோவில், பெண்கள் மட்டும் ஓடிய பத்து கிலோமீட்டரை 29 நிமிடம் 24 விநாடியில் முடித்தார். அந்தப் பிரிவில் அதுவரை இருந்த சாதனை 30 நிமிடம் 1 விநாடி. பிறகு மறுபடி அளந்தபோது பாதை 25 மீட்டர் குறைவு என்று தெரிந்தது. அவர் ஓடிய வேகத்தில் 25 மீட்டர் என்பது ஐந்து விநாடிகூட இல்லை. அதைச் சேர்த்தாலும் அரை நிமிடத்துக்கு மேல் மிச்சம். விதி அதையெல்லாம் கேட்காது, சாதனை பதிவாகவில்லை. நான்கு மாதம் கழித்து, 2024 ஜனவரியில் வலென்சியாவில், ஆண்களும் சேர்ந்து ஓடிய பந்தயத்தில் 28 நிமிடம் 46 விநாடி ஓடி அவர் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்.

சாதனைக்கு இன்னும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. தொடக்கத்திலிருந்து முடிவு வரை பாதை கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. தொடக்கமும் முடிவும் பந்தய தூரத்தின் பாதிக்கு மேல் விலகியிருக்கக் கூடாது, இல்லையென்றால் பின்காற்று முழுப் பந்தயத்தையும் தள்ளிக்கொண்டு போய்விடும். பதக்கத்துக்கு இந்தக் கவலை இல்லை. எல்லோருக்கும் ஒரே சாலை, ஒரே காற்று. துப்பாக்கி வெடித்த நொடியிலிருந்துதான் நேரம், கோட்டை முதலில் கடக்கும் உடல் யாருடையதோ அவருக்குத்தான் தங்கம். பின்னால் வரும் பொதுமக்களுக்குச் சான்றிதழில் போட்டுத் தரும் சிப் நேரம், அவரவர் தொடக்கக் கோட்டை மிதித்த நொடியிலிருந்து எண்ணுவது. பட்டத்துக்கு ஓடுகிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.